பகல் ஜின்சிக்கு, ராத்திரி ரெஷ்மாவுக்கு

ரெஷ்மாவுக்கு வேலை கிடைத்த விஷயத்தை ஜின்சியிடம் ராஜையா மாமாதான் வந்து சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அக்காளும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி நாலு வருஷமாகிவிட்டது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஒன்று சுவரைப் பார்த்து உரக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் மாமாவுக்குப் போன் போடுவார்கள்.

வைகாசியில் வரும் இடவப்பாதி மழை பிடித்து நாட்களாகியிருந்தது. இஞ்சிவிளையில் ரப்பர் வெட்டு நின்றுபோய், வெட்டுக்காரர்கள் சந்திப்பில் சாயாக்கடைப் பலகையில் உட்கார்ந்து மழையை ஏசிக்கொண்டிருந்தார்கள். மாமா குடையை முன்வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது ஜின்சி தையல் மிஷினில் இருந்தாள். களியக்காவிளைக் கடை ஒன்றிலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். நைட்டியாகத் தைத்துத் திருப்பி அனுப்பவேண்டும். தைக்காத கட்டுகள் கட்டில்வரை ஏறிக் கிடந்தன. வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்த கொடியில் ஈர விரிப்புகள் தொங்கின. மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் கலந்து அடித்தது.

"ஜின்சி, மிஷின நிறுத்து. ஒரு காரியம் உண்டு."

"காதால கேக்குதேன். கால் அது பாட்டுக்கு மிதிக்கட்டு. சொல்லுங்க."

"ரெஷ்மாக்கு கோட்டுகால்ல ஒரு கண்டெய்னர் யார்டுல வேல கெடச்சிருக்கு. கேட்டுல இருந்து லாரி நம்பர கம்ப்யூட்டர்ல ஒத்துப் பாக்குத வேல. பி.எஃப் எல்லாம் உண்டு. கம்பெனி வண்டி பாறசாலை ஜங்ஷன்வர வரும்."

"வரட்டு. அதுக்கு எனக்கு என்ன?"

"ஒரு ஆச்ச பகல், அடுத்த ஆச்ச ராத்திரி. அப்பிடி வாரா வாரம் மாறி மாறியாக்கும் வரும்."

மிஷின் நின்றது.

"பகல் ஆச்சைல ஒரு மாத்தமும் இல்ல" என்று மாமா அவசரமாகச் சொன்னார். "அவளுக்கு ராத்திரி வேல வாற ஆச்சைல மட்டும் நீ அம்மைக்கு ராத்திரி கூட கெடக்கணும். அந்த ஆச்ச பகல் அவ பாப்பா."

"ராத்திரி முழுக்க வேல செய்துட்டு வாறவ பகல் அம்மைய பாப்பாளா, கெடந்து ஒறங்குவாளா? நல்ல கத மாமா. ரெண்டையும் எனக்க தலைல வைக்க இவ கண்டுபிடிச்ச வழியாக்கும் இது. முடியாது. போய்ச் சொல்லுங்க."

இவர்கள் பகைக்குக் காரணம் வினீத். ஜின்சியின் கணவன் சஜனுக்கு அவன் சித்தப்பா மகன். நல்ல பையன், சொந்தத்தில் இருக்கட்டும் என்று ஜின்சிதான் தங்கைக்கு அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தாள். குடித்துவிட்டு வந்தால் வினீத் மனைவியை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிக்கொள்வான். மழையில் நின்று ரெஷ்மா அக்காளுக்குப் போன் செய்தாள். "கொஞ்சம் பொறுத்துப் போ, எனக்க மானத்த வாங்காதே" என்றாள் அக்காள். ரெஷ்மா பொறுக்கவில்லை. பெட்டியோடு வந்து அப்பா வீட்டின் பின்பக்க அறையில் படுத்துக்கொண்டு கேஸ் போட்டாள். சஜனின் வீட்டார் அன்றிலிருந்து ஜின்சியை ஒரு கல்யாணத்துக்குக்கூட ஒழுங்காக அழைத்ததில்லை.

அப்பா ராஜதாஸ் உயிரோடு இருந்திருந்தால் எப்படியாவது ஒத்துப்போக வைத்திருப்பார். அவர் போன அடுத்த வருஷம் அம்மா விமலகுமாரிக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. சபையில் இரண்டு மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு ராஜையா மாமா வந்து பிரித்து வைத்தார். முன்பக்கம் ஜின்சிக்கு, பின்பக்கம் ரெஷ்மாவுக்கு. நடுவறையில் அம்மா. அந்த அறைக்கு முன்னும் பின்னும் இரண்டு வாசல். விடிந்தால் முன்வாசல் திறக்கும், ஜின்சி வருவாள். அந்தியானால் அது சாத்தப்பட்டுப் பின்வாசல் திறக்கும், ரெஷ்மா வருவாள். இடையில் ஹோம் நர்ஸ் ஒருத்தியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாசல் வழியாகவும் வந்த ஏச்சைக் கேட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ரெஷ்மா வேலைபார்க்கும் துணிக்கடைக்கு விடுமுறை. அவள் பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, அவட்ட கெஞ்சாதீங்க" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். "நெய்யாற்றின்கரைல அந்தக் கடைல நின்னு நின்னு எனக்க கால் ரெண்டும் நீலமாட்டு நரம்பு எழும்பிக் கெடக்கு. சேலைய பிரிச்சு காட்டணும், மடக்கணும், பெறகும் பிரிக்கணும். செவுத்துல சாஞ்சா மொதலாளி கேமராவுல பாத்துட்டு போன் பண்ணுவான். அங்க ஒரு கசேரி உண்டு. இருந்துட்டு செய்யுத வேல. நான் படிச்சது பி.காம் ஆக்கும். தனுவச்சபுரத்துக்கு பஸ்ஸுல தொங்கிட்டுப் போய் படிச்சது சேல மடக்கவா?"

"கசேரி வேணுமெங்கி இஞ்ச ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் ஜின்சி, முன்வாசலில் வந்து நின்று.

இரண்டு வாசலுக்கும் நடுவே கட்டிலில் அம்மா கிடந்தாள். இந்தப் பக்கம் சத்தம் வந்தால் இந்தப் பக்கமும், அந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கமும் கண்ணைத் திருப்பினாள். 

சஜன் மினி லாரியைப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்தான். வாழைக்குலை ஏற்றி இறக்கி சட்டையெல்லாம் கறை. நின்றபடியே விஷயத்தைக் கேட்டான்.

"லாரிக்காரனுவளுக்க எடைல, ராத்திரி, ஒரு பெண்ணு" என்றான். "எங்க குடும்பத்துக்கு ஒரு பிராவசியம் நாணக்கேடு வரத்தினது போராதா? இனி இதும் வேணுமா?"

"ஒங்க குடும்பத்துக்கும் எனக்கும் கோர்ட்டுல தீந்தாச்சு அத்தான். நான் எங்க போனா ஒங்களுக்கு என்ன? நீங்க லாரி ஓட்டுததில்லியா? ராத்திரி ஓடுத லாரிக்காரன் எல்லாம் மோசமெங்கி நீங்களும் மோசமாக்கும்."

"நோக்கிப் பறயணே!" பார்த்துப் பேசு என்று எச்சரித்தான். சஜன் மலையாளத்துக்கு மாறினால் கோபம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மாமா அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அவ போவட்டு, போவாம இருக்கட்டு" என்றாள் ஜின்சி. "எனக்கு ஒண்ணுதான். பகல் முழுக்க அம்மைய தூக்கணும், தொடைக்கணும், கஞ்சி ஊத்தணும், பிள்ளைகளப் பாக்கணும், இந்த எளவு நைட்டியும் தைக்கணும். அவளுக்கு என்ன பாடு? ராத்திரி அம்மைக்கு பக்கத்துல பாய விரிச்சு கெடந்து ஒறங்குதா. ஒறங்குததுக்கு பேரு நோக்குததா?"

ரெஷ்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"வாற வியாழாச்ச எனக்கு டிரெயினிங். ராத்திரி ஷிப்ட் எப்பிடீண்ணு காட்டித் தருவாவ. அத பாத்துட்டுதான் சேருதேனா இல்லியாண்ணு சொல்லணும். அந்த ஒரு ராத்திரி அவ இஞ்ச கெடக்கட்டு மாமா. கெடந்து ஒறங்கட்டு."

"கெடக்குதேன்" என்றாள் ஜின்சி உடனே. "எனக்கு என்ன பயமா? கெடந்துட்டு, ராத்திரி ஒரு பாடும் இல்லண்ணு மாமாட்ட சொல்லுதேன். அதுக்குப் பெறவு அவ வாய பொத்தணும். கோட்டுகாலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"சம்மதமா ரெஷ்மா?" என்றார் மாமா.

"சம்மதம்."

வியாழக்கிழமை மழை இன்னும் வலுத்தது. சாயங்காலம் பாறசாலை ஜங்ஷனில் கம்பெனி வண்டி வந்து ரெஷ்மாவை ஏற்றிக்கொண்டது. வண்டியில் வேறு மூன்று பெண்கள் இருந்தார்கள். கோட்டுகாலில் அந்த யார்டில் கண்டெய்னர்கள் வீடு வீடாக அடுக்கியதுபோல நின்றன. கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி. லாரி வந்து நின்றதும் கண்டெய்னர் நம்பரைப் பார்த்து, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டிவிட்டால் கேட் உயரும். சொல்லிக்கொடுத்த பெண் ஆர்யா, "ஆத்யத்தெ மூணு நாலு திவசம் உறக்கம் பிடிக்கும், பின்னெ சரியாவும்" என்றாள். ரெஷ்மாவுக்கு உறக்கம் வரவே இல்லை. தான் தட்டினால் அத்தனை பெரிய லாரி நகர்கிறது என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்வது இது முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி அவளை ஜங்ஷனில் இறக்கிவிட்டபோது தனுவச்சபுரம் பஸ்ஸுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் குடையோடு குடை இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கடையில் நின்று கட்டஞ்சாயா குடித்தாள். சேர்ந்துவிடலாம் என்று அங்கே நிற்கும்போதே மனம் சொன்னது. ஆட்டோ பிடித்து இஞ்சிவிளையில் இறங்கினாள்.

பின்வாசலுக்குப் போக முன்பக்கம் வழியாகத்தான் போகவேண்டும். ஜின்சி படியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. உள்ளே மிஷின் சத்தம் இல்லை. கடந்து போனவளைப் பார்த்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, நேராகப் பேசினாள்.

"நில்லு."

ரெஷ்மா நின்றாள்.

"அம்மைய எனக்கு எதிராட்டு படிப்பிச்சு வச்சிருக்கது நீயாக்கும், இல்லியா?"

"என்ன படிப்பிச்சேன்?"

"தெரியாதது போல கேளு. கரண்ட் போச்சு. நான் போய் கட்டில்ல பக்கத்துல இருந்தேன். அந்தியானா அம்மைக்கு கண்ணு பிடிக்காதுல்லா. 'ரெஷ்மாவா மக்கா'ண்ணு கேட்டா. நான் 'ம்'ணு மூளினேன். அப்பம் 'வெள்ளம் தா'ண்ணா. குடுத்தேன். பெறகும் தாண்ணா. ஒரு செம்பு குடிச்சா. குடிச்சிட்டு எனக்க கையப் பிடிச்சிட்டு சொல்லுதா, 'பகல் முழுக்க நாக்கு அண்ணாக்குல ஒட்டிக் கெடந்துது மக்கா. அவட்ட கேட்டா மொகம் கறுக்குது. மூடி அளவு ஊத்தித் தருதா. இத அவட்ட சொல்லாதே, நாளைக்கு அதும் தரமாட்டா.' இது நீ படிப்பிக்காம அம்மைக்கு வருமா?"

இரண்டு பேருக்கும் ஒரே குரல். சஜனே போனில் பலமுறை ஏமாந்திருக்கிறான்.

ரெஷ்மாவின் முகம் மாறியது. "நீ ஒரு ராத்திரிதான் கேட்டா" என்றாள். "நான் எல்லா ராத்திரியும் கேக்குதேன்."

"என்னது?"

"எல்லா ராத்திரியும் இதாக்கும் கத. அந்தி முதல் வெளுக்குதது வர வெள்ளம் குடுக்கணும். குடிச்சா மோளும். விரிப்ப மாத்தணும், தொடைக்கணும், திருப்பிக் கெடத்தணும். பெறகும் வெள்ளம் கேக்கும். நான் கெடந்து ஒறங்குதேன்ணு சொன்னியே, இந்த ஒறக்கமாக்கும் அது. மூத்திரத்துல பழுப்பு வந்து நான் அம்மைய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனேன் தெரியுமா? டாக்டர் கேட்டாரு, வெள்ளம் குடிக்குததில்லியாண்ணு. எனக்கு பதில் சொல்ல முடியல்ல."

"அப்பம் நான் கொல்லப் பாத்தேன்ணு சொல்லுதியா?" ஜின்சி எழுந்துவிட்டாள். "இந்த மழைல விரிப்பு எங்கட்டி ஒணங்கும்? நாலு பிராவசியம் மாத்தினா நான் எப்பம் தைப்பேன்? பிள்ளைகளுக்கு ஆரு கஞ்சி வைப்பா? அம்மைக்க கனம் சாதாரண கனமா? எனக்க நடு ஒடிஞ்சு கெடக்கு. கொஞ்சம் கொறச்சுக் குடுத்தேன். குடுக்காம இருக்கல்ல. கொறச்சுக் குடுத்தேன்."

"கொறச்சு."

"ஓ, கொறச்சு! நீ பகல் பாத்திருந்தா நீயும் கொறச்சிருப்பா."

ரெஷ்மா பையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"இத்தற நாளும் தெரிஞ்சிட்டு நீ ஏன் எனட்ட கேக்கல்ல?" என்றாள் ஜின்சி. "சுவரப் பாத்து எல்லா ஏச்சும் ஏசினா. இத மட்டும் ஏன் ஏசல்ல?"

"கேட்டா நீ பகலும் பாக்கமாட்டேன்ணு சொல்லுவா. பெறகு நான் வேலைக்குப் போக முடியாது."

அதைச் சொன்ன பிறகு ரெஷ்மா மழையைப் பார்த்தாள். ஜின்சி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"அப்பம் நீயும் அம்மைக்க வெள்ளத்த வித்துதான் வேலைக்குப் போனா. எனட்ட மட்டும் என்ன பேச வந்தா? கண்டெய்னரும் கசேரியும். தூ!"

"ஆமா. நானும்தான்."

சத்தம் கேட்டு சஜன் வெளியே வந்தான். பக்கத்து வீட்டு விஜயம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "ஆடு அவுந்து கெடக்கோண்ணு பாத்தேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

"இஞ்ச நின்னு ஊரக் கூட்டாண்டாம்" என்றான் சஜன். "அம்மைட்ட கேட்டா தெரியும்லா. ராத்திரி ஒறக்கத்துல பேத்தினதுக்கு ரெண்டு பேரும் எதுக்கு அடிபிடிக்குதிய?"

"கேப்போம்" என்றாள் ஜின்சி. "மொகத்தப் பாத்து கேப்போம்."

மூன்று பேரும் நடுவறைக்குப் போனார்கள். அந்த அறையில் அக்காளும் தங்கையும் ஒன்றாகக் காலெடுத்து வைத்தது அம்மாவுக்கே புதிது. ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தாள். இடதுகை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா," ஜின்சி குனிந்தாள். குரலைத் தணிக்கத்தான் பார்த்தாள், அது தணியவில்லை. "நான் ஒங்களுக்கு வெள்ளம் தருததில்லண்ணு சொன்னியளா?"

"ஆரு? நானா?" அம்மாவின் பேச்சு பக்கவாதத்துக்குப் பிறகு கொஞ்சம் இழுக்கும். அன்று அவள் நிறுத்தாமல் பேசினாள். "நான் ஒண்ணும் சொல்லல்ல மக்கா. ஆரு சொன்னா? ஜின்சி என்ன பொன்னு போலயாக்கும் பாக்கா. கஞ்சி தருவா, பயறு தருவா, சாளை வாங்கினா முள்ளெடுத்துத் தருவா. ஒரு கொறவும் இல்ல. வெள்ளம் வேண்டியது போல தருவா. ரெஷ்மா, நீதான் ஏதாவது சொன்னியா? எதுக்கு மக்கா அக்காட்ட அப்பிடி சொல்லுதா? அவ பாவம்லா."

சஜன், "பாத்தியா" என்றான்.

அவன் ஒருவனுக்குத்தான் அது சமாதானமாகப் பட்டது. அம்மா பேசியது முழுக்க ஜின்சியின் முகத்தைப் பார்த்து. ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு அந்த முகத்தில் என்ன வருகிறது என்று பார்த்து அடுத்ததைச் சொன்னாள். ஜின்சி அதைக் கண்டுகொண்டாள். கடைக்காரனிடம் சண்டை போடுவாள், சஜனின் தாயிடம் சண்டை போடுவாள், மூப்பர்களைக்கூட விட்டதில்லை. யாரும் அவளுக்குப் பயந்ததில்லை. பதிலுக்கு ஏசியிருக்கிறார்கள். பயந்து புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

அவள் அடுக்களைக்குப் போய் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மாவின் தலையை ஒரு கையால் தூக்கினாள்.

"குடிங்க."

"இப்பம் வேண்டாம் மக்கா."

"குடிங்க அம்மா."

"தாகமில்ல. காலத்தேதான குடிச்சேன். நீ போய்த் தையி. வேல கெடக்குல்லா." அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு காய்ந்து தோல் பிரிந்திருந்தது.

தம்ளர் சரிந்து தண்ணீர் அம்மாவின் கழுத்தில் சிந்தியது. "ஐயோ, நனஞ்சு போச்சே, நான் இல்ல மக்கா, தானே சிந்தினது" என்று அம்மா பதறினாள். ஜின்சி தம்ளரை வைத்துவிட்டு வெளியே போனாள். சஜன் பின்னாலேயே போனான். "நீ ஒண்ணும் பேசாதே" என்று அவள் அவனிடம் சொல்வது உள்ளே கேட்டது.

எல்லாரும் போனபிறகு ரெஷ்மா அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். அம்மா முன்வாசலைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள்.

அன்று பகல் ரெஷ்மா உறங்கவில்லை. வேலைக்குப் போனால் ஒரு வாரம் முழுக்க அம்மாவை ராத்திரியும் ஜின்சியின் கையில் விடவேண்டும். போகாவிட்டால் பகல் எப்போதும் போல ஜின்சியின் கையில்தான். போனால், ராத்திரி வேலை வருகிற வாரங்களில் பகலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கத் தான் இருக்கலாம். இப்படிப் பார்த்தால் போவது நல்லது. ஆனால் அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அம்மாவுக்காகப் போகிறேன் என்று சொல்வது பொய். அந்த நாற்காலிக்காகவும், அந்தக் கண்ணாடி அறைக்காகவும்தான் போகிறாள். ஜின்சி துப்பியது சரிதான்.

மத்தியானம் கழிந்து ஜின்சி சுவரைத் தட்டினாள்.

"எப்பம் சேரணும்?"

"திங்களாச்ச. மொதல் ஆச்சையே ராத்திரி."

"சேரு. ராத்திரி நான் கெடக்குதேன்."

"ஒன்ன நம்பி விடவா?"

"நம்பாண்டாம். எனக்க அம்மையாக்கும் அது, ஒனக்க மட்டுமில்ல. அவ என்ன கண்டு பயந்து வாய மூடுதது நான் பாத்துட்டேன். அத ஒனட்ட பேச எனக்கு மனசில்ல. சேருதியெங்கி சேரு, இல்லெங்கி கெட. இனி சுவரத் தட்டமாட்டேன்."

தட்டவும் இல்லை. திங்கள்கிழமை காலையில் ராஜையா மாமா வந்து இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டு, சம்மதம் என்று உறுதி செய்துகொண்டு போனார். ரெஷ்மா துணிக்கடைக்குப் போன் போட்டு இனி வரமாட்டேன் என்றாள். மொதலாளி ஏசினான். ஏசி முடியட்டும் என்று காத்திருந்து போனை வைத்தாள்.

அந்தி இறங்கும்போது புறப்பட்டாள். ரோட்டு முக்குவரை போனபிறகுதான் குடையை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தாள். கரண்ட் போயிருந்தது, வீடு இருட்டிக் கிடந்தது. பின்வாசல் கதவில் கை வைத்தபோது நடுவறையில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஆரு? ரெஷ்மாவா மக்கா?"

பாயை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜின்சி சொன்னாள்.

"ஆமா. ரெஷ்மாதான்."

"வேலைக்குப் போவல்லியா?"

"இல்ல. போவல்ல. வெள்ளம் வேணுமா?"

"தா மக்கா. நெறைய தா. அவ கெடந்தாச்சா?"

"அவ ஒறங்கியாச்சு. நீங்க குடிங்க."

அம்மா மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கதவுக்கு வெளியே வரை வந்தது. குடித்துவிட்டு அம்மா பகலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஜின்சி மொகம் கறுத்தது, மூடியளவு ஊத்தியது, அவளிடம் சொல்லாதே. ஜின்சி ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளி, நான் இங்கே நிற்கிறேன், அவள் ஜின்சியாக்கும் என்று சொல்லவேண்டும்போல ரெஷ்மாவுக்கு ஆத்திரம் வந்தது. வாழ்க்கையைக் கெடுத்தாள், இப்போது பேரையும் எடுத்துக்கொண்டாள். உள்ளே அம்மா இன்னொரு தம்ளர் கேட்டாள்.

ரெஷ்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். குடை இல்லாமலே மழையில் இறங்கி ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.